நாற்று முற்றும் முன்

திகன
29.04.2025

சிவமணிக்கு,

மஸாஹிரா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க மனம் வரவில்லை. கேட்காமல் விட்டால் மௌத்தான என் உம்மா கனவில் வந்து முறைப்பார், அதனால் கேட்கிறேன். சுகமா?

கையில் போன் இருக்க இந்தக் கிழவி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். போனில் பேசினால் நீங்கள் நடுவில் வெட்டிவிடுகிறீர்கள். நேற்றுப் பின்னேரம் வெட்டினீர்களே. கடிதத்தை நடுவில் வெட்ட ஏலாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்கும் முன் வாசித்துவிடுவீர்கள், உங்கள் குணம் எனக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அதையும் சேர்த்து வாசியுங்கள். பாண், பனிஸ் விற்கிற த்ரீவீல் ஷிஹாப் எங்கள் தெருவில் பாட்டுப் போட்டுவிட்டு அப்படியே உங்கள் லயத்துக்கு ஏறுகிறான் அல்லவா, அவனிடம் கொடுத்து விடுகிறேன். திறந்து பார்க்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். சத்தியம் பண்ணியதால்தான் சோற்றுப் பசை வைத்து இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கமநல சேவை நிலையத்தில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். அரசாங்கத்தின் புதுத் திட்டம் வந்திருக்கிறது, குடும்ப விவசாயத் திட்டமாம். யாரும் செய்யாமல் கிடந்த தரிசு வயல்களை, இப்போது யார் செய்கிறார்களோ அவர்களுக்கே ஐந்து வருஷப் பெர்மிட்டில் கொடுக்கப் போகிறார்கள். நம்முடைய பள்ள வயலும் அதில் வருகிறது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. ஊரை மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். குடும்பமாகத் தன் கையால் செய்பவர்கள் முதலாம் பிரிவு, வயல் அவர்களுக்கு. ஆள் வைத்துச் செய்விப்பவர்கள் இரண்டாம் பிரிவு, அவர்களுக்கு ஒன்றும் இல்லை. கூலிக்குப் போகிறவர்கள் மூன்றாம் பிரிவு, அவர்களுக்கு உலர் உணவுப் பொதி.

நான் இரண்டாம் பிரிவாம். ஆள் வைத்துச் செய்விக்கிற முதலாளியம்மா! இந்தக் குதிகால் வெடிப்பைப் பார்த்துவிட்டு யாராவது அப்படி எழுதுவார்களா? ஏன் எழுதினார்கள் என்று கேட்டேன். வரம்பு கட்டிய அன்று பகல் அந்த உத்தியோகப் பிள்ளை தர்ஷனா வந்து உங்களிடம் விசாரித்தாள். "நாங்க கூலிக்கு வந்தவங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கும் காதில் விழுந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அந்தப் பிள்ளை ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டது.

கூலியா, சிவமணி? நம்முடைய அத்தத்தை எப்போது கூலி ஆக்கினீர்கள்? நீங்கள் ஒரு நாள் என் வரம்பில் நின்றால் நான் ஒரு நாள் உங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தில் நிற்பேன். கை மாற்றிக் கை. கூலி வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை, சோறு மட்டும்தான். சாமான் தட்டுப்பாட்டு வருஷத்தில் ஊரே அரிசிக்கு வரிசையில் நின்றபோது, ஆளுயர மானாப் புல்லை வெட்டி அந்தப் பள்ளத்தை வயல் ஆக்கியது யார்? அன்றைக்கு உங்கள் உள்ளங்கையில் வந்த கொப்புளத்துக்கு நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். கூலிக்காரிக்கு யார் மஞ்சள் வைத்துக் கட்டுவார்கள்?

இன்னொன்றும் கேளுங்கள். செய்கிறவளுக்கு இல்லையென்றால் வயல் விண்ணப்பம் போட்ட அடுத்த ஆளுக்காம். பள்ள வயலுக்கு அந்த அடுத்த ஆள் யார் தெரியுமா? என் தம்பி பஹீம். அவன் பெண்சாதி, இரண்டு மகன்மார் பேரையும் போட்டு, இனிக் குடும்பமாகச் செய்யப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்து முதலாம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறான். திகனையில் ஹார்ட்வெயார் கடை, குண்டசாலையில் மாடி வீடு. சேற்றை அவன் வாகனச் சில்லில்தான் பார்த்திருக்கிறான். வாப்பாவின் வயலை விற்றுக் கடை போட்டவன் அவன். அதை நான் மறந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மே பதினான்காம் தேதி காலை விசாரணை. வந்து, சொன்ன சொல்லைத் திருப்பி எடுங்கள். இது உதவி கேட்டு எழுதிய கடிதம் அல்ல. நாற்றுமேடையில் விதை போட்டாயிற்று, முளை காட்டுகிறது. நாற்று முற்றும் முன் இது தீர வேண்டும்.

இப்படிக்கு,
மஸாஹிரா

·

கீழ் டிவிசன் லயம்
02.05.2025

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

கூலிக்கு வந்த சிவமணி எழுதுவது. சுகமாத்தான் இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கு. உங்கள் கடிதம் சோற்றுப் பசையோடு வந்து சேர்ந்தது. பிரிக்கும்போது இரண்டு வரி கிழிந்து போச்சு. நல்ல வேளை, திட்டுகிற வரிகள் எல்லாம் முழுசா இருந்துச்சு.

அக்கா முறையில் நான் உங்களை ராத்தான்னு கூப்பிடுறேன், நீங்கள் என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் பழகின காலத்தில் ஒரு நாள்கூட நீங்கள் என்னை அப்படிக் கூப்பிட்டது இல்லை. மற்ற எல்லாத்தையும் விட அதுதான் குத்துச்சு.

கூலி என்று நான் ஏன் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் செய்ததை நீங்கள் மறந்துட்டீங்களா? ஒண்ணையும் மறக்காத ஆளாச்சே!

அத்தத்துக்கு வந்தால் உங்கள் வழக்கம் என்ன? அந்தப் பெரிய ஸஹன் தட்டில் சோற்றைக் கொட்டி, பலாக்காய்க் கறியும் கருவாடும் சம்பலும் சுற்றி வைத்து, முதல்ல நீங்கள் பாயில் உட்காருவீர்கள். "கையைக் கழுவிட்டு வாங்கடி, ஆறிப்போவுது" என்று சத்தம் போடுவீர்கள். எங்களுக்காக நீங்கள் மாட்டிறைச்சி சமைத்ததே இல்லை. ஒரே தட்டில் உங்கள் கையும் எங்கள் கையும் இருக்கும். எங்க ஆத்தா அதைக் கேட்டுட்டு நம்பவே இல்லை.

வரம்பு கட்டின அன்று என்ன நடந்தது? உங்கள் மருமகள் பாயிஸா சோறு கொண்டுவந்தாள், பாயைப் போட்டாள். நீங்கள் வரவே இல்லை. அங்கே பலா மரத்தடியில் முதுகைக் காட்டிக்கிட்டு நின்றீர்கள். மேலே ரோட்டில் உங்கள் தம்பியின் கார் நிற்குது. அவர் கண்ணாடியை இறக்கி வயலைப் பார்த்துக்கிட்டு இருக்கார். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். "தம்பிக்கு முன்னால லயத்து ஆளுங்களோட உட்கார ராத்தாவுக்கு வெக்கமா இருக்கு போல"ன்னு ஒருத்தி முணுமுணுத்தா. அப்புறம் சோறு இறங்கவே இல்லை.

எனக்குத் தெரிஞ்சு, சோத்தைப் போட்டுட்டுத் தூரமா நின்னு பார்க்கிறது கங்காணிதான். பிறந்ததிலிருந்து அப்படி நிற்கிற ஆட்களுக்கு முன்னால்தான் நான் சாப்பிட்டிருக்கேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பொண்ணு குனிஞ்சு, "அம்மா, நீங்கள் எல்லாரும் ஆர்?" என்று கேட்டுச்சு. எனக்கு வாயில் வந்தது கூலிதான். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

இப்போது வந்து திருப்பி எடு என்கிறீர்கள். நீங்கள் நின்ற நிலையை முதல்ல திருப்பி எடுங்க.

கூலிக்காரி
சிவமணி

·

திகன
04.05.2025

சிவமணிக்கு,

உங்கள் கடிதத்தை ஷிஹாப் கொடுத்தபோது நான் அடுப்படியில் நின்றேன். வாசித்து முடிக்கும்போது கறி பிடித்து அடிச்சட்டி கருகிப் போயிற்று. அதையும் உங்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

அன்று எனக்கு நோன்பு.

ரமழான் முடிந்து பெருநாள் கழிந்த பின், ஷவ்வால் மாதத்தில் ஆறு நோன்பு பிடிப்போம். கடமை அல்ல, விரும்பினவர்கள் பிடிப்பது. ஊருக்கு முழக்கிப் பிடிக்கிற நோன்பும் அல்ல, அல்லாஹ்வுக்கும் எனக்கும் இடையில் உள்ளது. சொல்லிக்கொண்டு திரிந்தால் நன்மை குறையும் என்று என் உம்மா சொல்வார். பாயிஸாவுக்கே தெரியாது. "மாமி, நீங்களும் உக்காருங்க" என்று அவளும் கூப்பிட்டாள், பசி இல்லை என்று பொய் சொன்னேன். காலையில் சமைத்து வைத்துவிட்டு வந்து வெயிலில் வரம்பு வெட்டியதில் கண் இருட்டியது. கருவாட்டு வாசம் வேறு. பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதுகைக் காட்டி நின்றது, என் முகத்தைப் பார்த்தால் நீங்கள் கண்டுபிடித்து விடுவீர்கள் என்றுதான்.

பஹீமுக்காக நான் ஒதுங்கி நின்றேனாம்! என்னை விட்டால் அவனைப் பார்த்து முகம் சுளிக்க அந்தக் குடும்பத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அவன் வந்தது எங்களைப் பார்க்கவும் அல்ல, சோற்றைப் பார்க்கவும் அல்ல, வயலை அளக்க வந்தான். அது அப்போது எனக்கும் விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

ஒன்று கேட்கிறேன். கலவரத்தில் திகனையில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்த வாரம், என் பேரப்பிள்ளைகளை இருட்டில் கூட்டிப் போய் உங்கள் லயத்து அறையில் சாக்குக்கு அடியில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். அம்னாவுக்கு அப்போது பால் பல்லும் விழவில்லை. இன்றைக்கும் மழை இருட்டினால் "மணியம்மா வீட்டுக்குப் போவோமா" என்று கேட்கிறாள். அந்த நாளை நான் எந்த அத்தத்தில் திருப்பித் தருவது என்று இன்னும் தெரியாமல் இருக்கிறேன். அப்படிப்பட்ட நான் உங்களோடு உட்கார வெட்கப்பட்டேனா? "ஏன் ராத்தா வரல்ல?" என்று ஒரு சொல் கேட்க உங்களுக்கு வாய் இல்லையா? என்னைப் பற்றி முணுமுணுக்க அவளுக்கு வாய் இருந்தது, அந்த வாயை மூட உங்களுக்கு வாய் இருக்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

நின்ற நிலையைத் திருப்பி எடுக்கச் சொன்னீர்கள். எடுத்துவிட்டேன். இனி உங்கள் முறை. பதினான்காம் தேதி, காலை ஒன்பது மணி.

மஸாஹிரா

·

கீழ் டிவிசன் லயம்
07.05.2025

ராத்தாவுக்கு,

கேட்டிருக்கணும். கேட்கவில்லை. இதை எழுத எனக்கு மூன்று ராத்திரி ஆச்சு.

ஆனால் ராத்தா, நான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் முதல்ல உங்களிடம்தானே வந்து சொல்கிறேன்? மஞ்சள் துணியைப் பார்த்துட்டு, "இந்த மாசம் உனக்குக் கருவாடு மிச்சம்" என்று நீங்கள் கேலி பண்ணவில்லையா? உங்கள் நோன்பை என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தால் உங்க அல்லாஹ் கோவிச்சிருப்பாரா? பாயிஸாவுக்குத் தெரியாதுன்னா சரி. எனக்குமா தெரியக் கூடாது?

விடுங்க. இப்ப நான் சொல்லப்போறது வேற. நீங்கள் கோவப்படாம வாசிக்கணும், அது உங்களுக்கு முடியாதுன்னும் தெரியும்.

நான் வந்து "கூலி இல்லை, அத்தம்"னு சொல்றேன்னு வைங்க. உங்களைத் திருத்தி முதலாம் பிரிவில் போடுவாங்க. பெர்மிட் உங்கள் பேருக்கு வரும். ரொம்ப சந்தோஷம். என்னை எந்தப் பிரிவில் போடுவாங்க? நான் கூலியும் இல்லை, விவசாயியும் இல்லை, உங்களுக்குச் சாட்சி. மானாப் புல்லை வெட்டினப்ப என் கையும்தானே வெட்டுச்சு? வாய்க்காலைத் திருப்பினப்ப என் புருஷனும்தானே இடுப்பு ஒடிய நின்னார்? கை மாற்றிக் கைன்னு எழுதியிருக்கீங்க. நீங்கள் எனக்குத் திருப்பித் தர்ற நாள் எல்லாம் லயத்துக்குப் பின்னால் பத்து வாழை, நாலு மிளகாய்ச் செடிக்குள்ள முடிஞ்சு போகுது. நாள் கணக்கு சமம்தான், ராத்தா. நிலம் சமம் இல்லையே.

அடுத்தது தோட்டத்து ஃபீல்ட் ஒபீசர். இந்த விசாரணைக் கதை அவர் காதுக்குப் போயிருச்சு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "வெளியில விவசாயம் செய்றவங்க செக்ரோல்ல இருக்க முடியாது. பேரை வெட்டுவேன். பேர் இல்லாதவங்களுக்கு லயம் எதுக்கு?" அப்படி வெட்ட முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு யார் இருக்கா? என் ஆத்தா பிறந்ததும் செத்ததும் இதே அறையில்தான்.

அதனால் பதினான்காம் தேதி நான் வரமாட்டேன். மன்னிச்சிருங்கன்னு எழுத வந்தேன். கை எழுத மாட்டேங்குது.

சிவமணி

·

திகன
15.05.2025

சிவமணி,

நீ வந்தாய்.

வரமாட்டேன் என்று எழுதியதை வைத்து நான் உன்னை இரவு முழுக்கத் திட்டியிருந்தேன். காலையில் கமநல நிலையத்தின் வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன், பின்வரிசையில் அந்தப் பச்சைச் சேலை. பார்த்தும் பாராதது போல் இருந்தேன். நீ முன்னுக்கு வந்து, "நான் கூலிக்கு வரல்லீங்க. அத்தத்துக்கு வந்தேன். கோவத்துல கூலின்னு சொல்லிட்டேன்" என்றாய்.  சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாயிற்று என்று விறுவிறென்று பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

பெரிய ஐயா சிங்களத்தில் பேசினார், தர்ஷனா தமிழில் சொன்னாள். அந்தப் பிள்ளையில் பிழை பிடிக்கத்தான் நான் போனேன்.

"பிள்ள, நீங்க ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எழுதின?" என்றேன்.

"அம்மா, நீங்கள் தள்ளி நிண்டனீங்கள். சாப்பிட்டுக்கொண்டு இருந்தவையிட்ட கேட்டன். அவை சொன்னதை எழுதினன். பொய் எழுதேல்ல. உங்களிட்டயும் வந்து கேட்டிருக்கோணும், அது என்ர பிழை" என்றாள்.

பிழையை அவளே எடுத்துக்கொண்டால் நான் எதைப் பிடிப்பது? அதில் எனக்கு இன்னும் கோபம்.

சரி, என்னை முதலாம் பிரிவுக்கு மாற்றினார்கள். பெர்மிட்டையும் எடுத்து மேசையில் வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மஸாஹிரா என்று ஒரே ஒரு பேர். பேனாவைக் கையில் எடுத்தேன். உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி என் முழங்கையைப் பிடித்தது. நாள் சமம், நிலம் சமம் இல்லை என்று எழுதினாயே, அந்த வரி.

"இதில் சிவமணியின் பேர் எங்கே?" என்று கேட்டேன்.

பெரிய ஐயா தலையைச் சொறிந்தார். தர்ஷனா சொன்னாள்: "அம்மா, ஒரு குடும்பத்துக்கு ஒரு பெர்மிட். ஒரு உலையில சாப்பிடுற ஆக்கள்தான் குடும்பம் எண்டு சட்டத்தில கிடக்கு."

"அப்ப எழுதுங்க. அந்த வயல் வேலைக்கு ஒரே உலைதான். ஒரே உலை மட்டும் இல்ல, ஒரே தட்டு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரிய ஐயாவும் சிரித்தார், கெட்ட சிரிப்பல்ல. பஹீம் அங்கேதான் இருந்தான், வெள்ளைச் சேர்ட்டு மடிப்புக் கலையாமல். எழுந்து வந்து என் காதில் சொல்கிறான்: "ராத்தா, ஒங்களுக்கு என்ன புடிச்சீக்கி? லயத்து ஆளுக்காக வந்த வயல உடப்போறீங்களா? பேருக்குத்தானே, போட்டுட்டு வாங்க. பொறகு நீங்க அவக்கு ஒரு மூல குடுத்தா யாரு கேக்கப்போற?"

பேருக்குத்தானே! வாப்பா மௌத்தான மாதம் இதே வாயால் இதே சொல்லைத்தான் சொன்னான். "என்ட பேர்ல எழுதுவம் ராத்தா, பேருக்குத்தானே, நீங்களும் நானும் ஒண்டுதானே." நான் நம்பிக் கையெழுத்து வைத்தேன். வயல் கடையாயிற்று. எனக்கு அந்தக் கடையில் ஒரு ஆணியில்கூடப் பங்கு வரவில்லை.

பேனாவை மேசையில் வைத்தேன். "ரெண்டு பேர் இருந்தாத்தான் கையெழுத்து" என்றேன். பெரிய ஐயா நல்ல மனுஷர். சட்டத்தில் இடம் இல்லை, மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார். ஆனால் இருபத்து மூன்றாம் தேதி வரைதான் பொறுப்பாராம். அதற்குள் நான் கையெழுத்து வைக்காவிட்டால் வயல் அடுத்த ஆளுக்கு. அடுத்த ஆள் யார் என்று நான் திரும்பவும் எழுத வேண்டியதில்லை.

வெளியே வந்தேன். தர்ஷனா பின்னால் ஓடி வந்தாள். "அம்மா, நாத்து நடுற அண்டைக்கு மத்தியானம் நான் வாறன். கண்டதை எழுதி ஐயான்ர கடிதத்தோட சேர்த்து மேல அனுப்புறன். கிடைக்குமெண்டு சொல்ல மாட்டன்" என்றாள். கிடைக்கும் என்று சொல்லாததால் நம்பினேன்.

உன் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். ஷிஹாப் பாணில் ஊற்றாமல் கொண்டுவந்தால் உன் அதிர்ஷ்டம்.

மஸாஹிரா

·

கீழ் டிவிசன் லயம்
18.05.2025

என் ராத்தாவுக்கு,

எண்ணெய் வந்தது. அன்றைக்குப் பாணும் கொஞ்சம் வேப்ப வாசம் அடித்தது. லயமே ஷிஹாபைப் பிடித்துத் திட்டுச்சு.

"நீ வந்தாய்" என்று எழுதியிருந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வரமாட்டேன்னு எழுதினேன்தான், ஆனால் நான் சொன்ன பொய் உங்கள் வயலைத் தின்கிறதைப் பார்த்துக்கிட்டு லயத்தில் இருக்க முடியலை.

ஆனால் நீங்கள் செய்தது பைத்தியக்காரத்தனம். போய்க் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே போங்க. உங்கள் பேரில் இருந்தால் நாங்கள் வரலாம், போகலாம், நடலாம், அறுக்கலாம். பஹீம் முதலாளி பேருக்குப் போனால் மறுநாளே வேலியும் கேட்டும்தான். வாய்க்காலில் கை கழுவக்கூட விட மாட்டார். எனக்குப் பேர் வேணும்னு நான் எழுதினது நெஞ்சு எரிச்சலில். அதுக்காக வயலையே விடுங்கன்னு சொன்னேனா? ஒரு பேராவது நம்ம பக்கம் இருக்கட்டும்.

இங்கேயும் ஒரு கதை. நான் விசாரணைக்கு வந்ததுக்கு ஃபீல்ட் ஒபீசர் இந்த வாரம் எனக்கு வேலை போடலை. செக்ரோலில் பேர் இன்னும் இருக்கு. இன்னும் ஒருக்கா என்னை அந்த வயலில் கண்டால் வெட்டுவாராம். நம்ம பொண்ணுங்க பயந்து போய் இருக்காங்க. நடுகைக்கு யார் வருவாங்கன்னு என்னால் சொல்ல முடியாது. நானே வருவேனா என்றும் சொல்ல முடியாது.

கையெழுத்துப் போடுங்க, ராத்தா. நீங்கள் எனக்காகத் தோற்றால் நான் எந்த முகத்தோட உங்கள் தட்டில் கை வைப்பேன்?

உங்கள்
சிவமணி

·

திகன
20.05.2025

சிவமணி,

போட மாட்டேன்.

உன் கணக்கு பிழை இல்லை. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். பாயிஸா சொல்கிறாள், ஷிஹாப் பாணை நிறுத்திவிட்டுச் சொல்கிறான், அம்னாகூடச் சொல்கிறாள். நீங்கள் எல்லோரும் இன்றைய நாளுக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள். நான் வாப்பாவின் வயலில் இருந்து பார்க்கிறேன். நான் தனியாகக் கையெழுத்து வைத்தால் இந்த வருஷம் ஒன்றும் மாறாது. அடுத்த வருஷமும் மாறாது. நான் மௌத்தான பிறகு என் பிள்ளைகளிடம் யாராவது கேட்பார்கள், "யார் இந்த லயத்துப் பெண்கள்?" என்று. பெர்மிட்டைப் பார்ப்பார்கள், என் பேர் மட்டும் இருக்கும். "கூலிக்கு வந்தவங்க" என்பார்கள். அன்று நீ கோபத்தில் சொன்னதை நான் கையெழுத்துப் போட்டு உண்மை ஆக்கியிருப்பேன். பஹீம் எனக்குச் செய்ததை உனக்குச் செய்ய நான் என்ன பஹீமா?

செக்ரோல் விஷயத்தை நான் சும்மா விடவில்லை. நேற்று தர்ஷனாவிடம் போய்க் கேட்டேன். வேலை இல்லாத நாளில் வெளியே வயல் செய்தால் பேரை வெட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவளுக்குத் தெரியாதாம். தொழில் திணைக்களத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அது வரைக்கும் நான் உனக்கு ஒன்றும் உறுதி சொல்ல ஏலாது. சொன்னால் பொய். உன் லயத்தை வைத்து நான் பந்தயம் பிடிக்கவும் ஏலாது. அதனால் வா என்று கட்டளை போட மாட்டேன். இந்தக் கிழவிக்குக் கட்டளை போடாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நடக்கப் போவதை மட்டும் சொல்கிறேன். நாற்றின் நுனி மஞ்சள் கட்டத் தொடங்கிவிட்டது. இனிப் பொறுத்தால் முற்றிப் போகும். நாளை மறுநாள் வியாழக்கிழமை விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு நான் வயலில் இறங்குவேன். பாயிஸா வருவாள். ஷிஹாபின் பெண்சாதி வருகிறேன் என்றிருக்கிறாள், நடத் தெரியாது, வாய் பேசத் தெரியும். பகலுக்கு ஸஹனில் சோறு போடுவேன். பலாக்காய், கருவாடு, சம்பல். பாய் விரித்து முதலில் நான் உட்காருவேன். தர்ஷனா வந்து பார்த்து, கண்டதை எழுதட்டும். மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் மூன்று, ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் ஒன்பது. வெள்ளிக்கிழமை வயல் போனால் போகட்டும். நட்டுவிட்டுப் போகட்டும். நட்ட வயலை வாங்குகிறவன் யார் நட்டது என்று ஊருக்குப் பதில் சொல்லட்டும்.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கேட்காமல் கூலி என்று சொன்னதை அறுவடைக்குப் பிறகு ஒரு நாள் ஆறுதலாக உட்கார்ந்து சண்டை பிடிப்போம். அதை வியாழக்கிழமையோடு குழப்பாதே.

ஸஹனில் உன் பக்கத்தை விட்டு வைப்பேன். நீ வந்து உட்காரும் வரை நான் கை வைக்க மாட்டேன். இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு தெரியாது என்று சொல்லாதே. அது நோன்பு இல்லை. பிடிவாதம்.

துஆவோடு,
உன் ராத்தா

·

கீழ் டிவிசன் லயம்
21.05.2025

ராத்தா,

பாண் சுற்றி வந்த தாளில் எழுதுகிறேன், ஷிஹாப் காத்துக்கிட்டு நிற்கிறார்.

இந்த வயசில் உங்களைப் பட்டினி போட்ட பாவம் எனக்கு வேண்டாம். பொண்ணுங்ககிட்ட உங்கள் கடிதத்தைச் சத்தமா வாசித்தேன். "ஒன்பது"ன்னு எழுதியிருந்ததும் ஒருத்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, "ஆறு பேர் போனா அங்க இருக்கிற மூணு பேரோட ஒன்பது"ன்னா. அன்றைக்கு முணுமுணுத்தவளேதான்.

ஃபீல்ட் ஒபீசர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன், நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன், என் வயலில் நடுகைன்னு. பேரை வெட்டுகிறதென்றால் என் முகத்துக்கு முன்னால் வெட்டட்டும்.

சம்பலில் உப்பைக் கொஞ்சம் குறைங்க. போன முறை கடல் மாதிரி இருந்துச்சு. நோன்போடு ருசி பார்க்காமல் போட்டிருக்கிறீர்கள், அப்பவே நான் கண்டுபிடிச்சிருக்கணும்.

விடியக் காலை வர்றோம்.

பள்ள வயல்
சிவமணி